சாமோஸில் நின்றவர்

“அப்பா, சாமோஸ் வைனும் இறக்குங்கோ” என்று குமுதினி கேட்டது 2004 செப்டெம்பரில், ஒரு சனிக்கிழமை காலை. லண்டனின் மிச்சம் பகுதியில், டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் அப்போது பாண் வாங்க மூன்று பேர் நின்றார்கள். சாமோஸ் என்ற பெயரை வாயில் எடுக்கக்கூடாது என்று அவளுக்குப் பதினொரு வயதிலிருந்தே சொல்லப்பட்டிருந்தது. ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தகப்பன் யேசுரட்ணம் பாணைப் பையில் போட்டார், மூவரையும் அனுப்பினார், பிறகு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மற்றைய கிரேக்க வைன்கள் எல்லாம் அந்தக் கடையில் இருந்தன. போத்தலைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றினால் அது விளைந்த ஊர் கடைக்குள் வரும்; கிளாஸ் காலியானால் போய்விடும். அந்த வருடம் ஏதென்ஸில் ஒலிம்பிக் என்று சொல்லி, வட லண்டன் எட்மண்டனில் மொத்தக்கடை வைத்திருந்த சைப்ரஸ்காரர் ஒருவர் தன் சரக்கை யேசுரட்ணத்தின் தலையில் கட்டியிருந்தார். நெமியாவின் சிவப்பு வைனுக்கு மீன் டின் தட்டுகளுக்கு நடுவே பழைய கோயிலின் தூண்கள் எழும்பின. சந்தோரினிக்குப் பால் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பின்னால் வெள்ளை வீடுகளும் கறுப்புப் பாறைகளும் வந்தன. நவூசாவுக்குப் பனி விழுந்தது. அன்று குழந்தைகளைக் கூட்டிவருகிறவர்கள் குளிர்ச்சட்டை போட்டு வரும்படி கதவில் எழுதி ஒட்டப்பட்டது. படம் எடுத்தவர்களின் படத்தில் பிஸ்கட் அடுக்கு மட்டுமே விழுந்தது. மே மாதம் போலந்திலிருந்து வந்து சேர்ந்த பிளம்பர் ஒருவர் சந்தோரினியில் இரண்டு கிளாஸ் தங்கிவிட்டு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்தபடி வேலைக்குப் போனார். மினிகேப் ஓட்டிய குகநாதன் ஒரு சனிக்கிழமையையும் விடவில்லை. “எண்பத்தெட்டில லொறிக்குள்ள மரக்கறியோட மரக்கறியாக் கிடந்து கடந்த நாடு. ஒரு தூணையும் காணேல்லை. இப்பதான் வடிவாப் பார்க்கிறன்” என்பார்.

யேசுரட்ணத்தின் தம்பி றெஜினோல்ட்டின் மனைவி எமில்டாவும் அந்தச் சுற்றுலாக்களுக்கு வந்தாள். கடைக்கு மேல் அறையில் இருந்துகொண்டு ரோல்ஸ் பலகாரம் சுருட்டிக் கொடுத்தவள். தாயில்லாத குமுதினியை வளர்த்தவள். பூசையில் கிடைக்கும் ஒரு மிடறைத் தவிர வைன் தொடாதவள், அந்தக் கோடை முழுவதும் எல்லாப் போத்தலிலும் குடித்தாள். தூண்களைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. திராட்சை பிடுங்குகிறவர்களின் முதுகுகளைப் பார்த்தாள். “அவர் இதுகளில எங்கயாவது நிற்பார்தானே” என்று குமுதினியிடம் சொன்னாள்.

அப்படி அவள் நம்பியதற்குக் காரணம் ஒரு சொல். 1991இல் சகோதரர் இருவரும் துருக்கியிலிருந்து சாமோஸ் தீவுக்கு ரப்பர் படகில் ஏறினார்கள். கரைசேர்ந்த யேசுரட்ணம், கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருந்த எமில்டாவுக்குப் போன் எடுத்து, “றெஜி சாமோசில நிண்டிட்டான்” என்றார். எங்கள் பேச்சில் செத்தவனின் மூச்சும் நிற்கும், ஓரிடத்தில் தங்கிய ஆளும் நிற்பார். எமில்டா, “வேலை கிடைச்சிட்டுதோ, அத்தான்?” என்று கேட்டாள். மறுமுனையில் போன் பெட்டிக்குள் சில்லறை விழுந்தது. பிறகு அவர் “ஓம்” என்றார். “திராட்சைத் தோட்டம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஓமில் பதின்மூன்று வருடங்கள் போயின. எமில்டா லண்டன் வந்து கேட்டபோது, றெஜிக்கு விசா இன்னும் சரிவரவில்லை என்றார் யேசுரட்ணம். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அவள் கணவனுக்கு ஒரு சேர்ட் வாங்கி, ஊசி கழற்றாமல் சூட்கேஸில் அடுக்கினாள். நவம்பரில் கோவிலில் இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும்போது அவனுடைய பெயர் இருக்காது. உயிரோடு இருப்பவனுக்கு யார் பூசை கொடுப்பார்கள்? இருபத்தாறு வயதில் காத்திருக்கத் தொடங்கியவளுக்கு இப்போது முப்பத்தொன்பது. இடையில் இருவர் அவளைக் கட்டக் கேட்டார்கள். கழுத்தில் தாலி கிடக்கக் கேட்க வெட்கமில்லையா என்று யேசுரட்ணமே அவர்களைத் திட்டி அனுப்பினார்.

குமுதினி அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள், புவியியலில். துருக்கிக் கரைக்கும் சாமோஸுக்கும் இடையே மிக ஒடுங்கிய இடத்தை வரைபடத்தில் அளந்து பார்த்தாள். மிச்சத்திலிருந்து பக்கத்து ஊரான டூட்டிங்குக்குப் போகும் தூரம்கூட இல்லை. அவ்வளவு கிட்டப்போய்ச் சேர்ந்தவன் பதின்மூன்று வருடமாக ஒரு கடிதம் போடவில்லை என்றால் அதன் பொருளைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. தெரிந்துகொள்ள விரும்பாத ஒரு வீடு முழுவதும் அந்தப் பொய்க்கு உதவியிருந்தது. தானும் உதவியிருந்தாள் என்பதுதான் அவளுக்கு ஆத்திரம்.

“அது இனிப்பு வைன், சனம் வாங்காது” என்றார் யேசுரட்ணம், மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து.

“சனம் வாங்கத் தேவையில்லை. சித்தி குடிக்கட்டும்.”

“படிச்ச திமிர்.”

“ஓம்.”

அவர் அந்த வைனை இறக்கவில்லை. அவளே பஸ் பிடித்து எட்மண்டன் போய் ஒரு போத்தல் வாங்கிவந்தாள். அடுத்த சனிக்கிழமை கடைக்கதவில் ‘மூடியுள்ளது’ பலகையைத் திருப்பிவிட்டு, தகப்பன் கல்லாவில் நிற்க, எமில்டாவுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினாள். எமில்டா முதல் மிடறைக் குடித்ததும் தரை ஓடுகளின் இடுக்குகளால் கடல் ஏறியது. குளிர்ந்த தண்ணீர், கணுக்கால் அளவு. தட்டுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் படகு வந்தது; கடைக் கவுண்டரைவிடச் சிறியது, பதினேழு பேர் இருந்தார்கள். றெஜினோல்ட் தண்ணீருக்குள் கிடந்து படகின் ஓரத்தைப் பிடித்திருந்தார். படகு ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது, ஆட்கள் கத்தினார்கள். படகில் இருந்த முப்பத்தேழு வயது யேசுரட்ணம் குனிந்து தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வலது கையில் ஐந்து, இடது கையில் ஐந்து. றெஜினோல்ட் அண்ணனைப் பார்த்தபடியே போனார்.

எமில்டா கிளாஸைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள். “நிண்டிட்டார் எண்டல்லோ சொன்னனீங்கள், அத்தான்” என்றாள்.

ஐம்பது வயது யேசுரட்ணம் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஓம்” என்றார். அன்று போனில் சொன்ன அதே குரல். பிறகு மகளின் பக்கம் திரும்பினார். “ஏத்தியிருந்தா எல்லாரும் மூழ்கியிருப்பம். உன்ரை படிப்பும் அந்தப் படகிலதான் வந்தது, பிள்ளை.”

“தெரியும். அதுக்குத்தான் போறன்.”

கிளாஸ் காலியானால் கடல் போய்விடும். எமில்டா ஒரு மிடறை மிச்சம் வைத்து, கிளாஸை லொட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கவனமாக வைத்தாள். தண்ணீர் நின்றது. படகு திரும்பவும் தட்டுகளுக்கு நடுவே வந்தது. றெஜினோல்ட் ஓரத்தைப் பிடித்திருந்தார். அவள் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அவருடைய முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். கழுத்திலிருந்து தாலிக்கொடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

குமுதினி மேலே போய்ச் சேர்ட் சூட்கேஸை எடுத்துவந்தாள். கட்விக் விமான நிலையத்திலிருந்து சாமோஸுக்கு இரண்டு டிக்கெட், அந்தப் பெயரை வாயில் எடுப்பதற்கு நான்கு நாள் முன்னமே வாங்கிவிட்டிருந்தாள். அங்கே கரையொதுங்கியவர்களின் பெயர் எழுதாத புதைகுழிகள் எங்கே என்று கேட்க வேண்டும். ஒன்றில் பெயர் எழுதுவித்து, ஒரு பூசை கொடுக்க வேண்டும்.

“வாங்கோ சித்தி.”

“நான் வரேல்லை. ஆள் இஞ்சதானே.” எமில்டா முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “சேர்ட்டை மட்டும் கொண்டுபோய்க் குடு. ஈரத்தில கிடந்திருப்பார்.”

குமுதினி சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு தகப்பனைக் கடந்து போனாள். பலகையை ‘திறந்துள்ளது’ பக்கம் திருப்பிவிட்டு வெளியே வந்தாள். நடைபாதை காய்ந்து கிடந்தது. பால் வாங்க வந்த குகநாதன் கண்ணாடிக்கூடாக உள்ளே பார்த்தார், “இண்டைக்குக் கடலோ” என்றார், வாசலில் குனிந்து காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டத் தொடங்கினார். அவள் அவருக்கு வழிவிட்டு, டிராம் நிறுத்தத்துக்கு நடந்தாள்.