லைசென்ஸ் நம்பர் என்ன?

நான் குடிக்கிறேன். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா எங்க வீட்டுல ஆறு மாசமா இந்த ஒரு வார்த்தையைத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்லியாச்சு. அக்கா, "அவளுக்கு உடம்பு சரியில்ல"ம்பா. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், "அந்த விஷயம்"பார், என்னமோ கொலை கேஸ் மாதிரி. பக்கத்து வீட்டம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா, குப்பைக்கூடையை மட்டும் உத்து உத்துப் பார்ப்பா.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமா ஏறி இறங்கி, கம்பிக்கயிறு, பிரேக், கதவு எல்லாத்தையும் சோதிச்சு, இதுல மனுஷங்க ஏறலாம்னு கையெழுத்துப் போடறவ. வயசு நாப்பத்திமூணு. கல்யாணம் ஒண்ணு ஆச்சு, அது முடிஞ்சும் போச்சு. அக்கா வீட்டு மாடி அறையில இருக்கேன். ரெண்டு வருஷமா தூக்கம் கிடையாது. லிஃப்ட் கூண்டு மேல ஏறி நின்னா உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடைக்கும். ஒரு வாய் ஊத்தினா அடங்கும். அப்படி ஆரம்பிச்சதுதான். இப்போ அடங்கறதுக்கு ஒரு வாய் பத்தல.

போன புதன்கிழமை சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சார்.

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போறோம். எல்லாம் பேசிட்டேன். தொண்ணூறு நாள். உள்ள போயிட்டா போன் கிடையாது, யாரும் வந்து பார்க்க முடியாது. வெளிய வரும்போது புது மனுஷியா வருவே."

"அங்க சிகிச்சை பார்க்கற ஆளு யாரு மாமா?"

"டாக்டர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க."

"கூப்பிடறது இருக்கட்டும். லைசென்ஸ் நம்பர் என்ன?"

மாமாவுக்கு மூக்கு நுனி சிவந்துடுச்சு. "குடிக்கிறது நீ. லைசென்ஸ் அவருக்கா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! மாமா வெச்சிருக்கறது டிரைவிங் ஸ்கூல். லைசென்ஸ் வர்ற வரைக்கும் பெத்த மகன் கையிலயே சாவியைக் கொடுக்காத மனுஷன் அவர். "உங்க காருக்கு ஒரு நியாயம், என் மூளைக்கு ஒரு நியாயமா மாமா? காரை விட நான் மலிவாப் போயிட்டேனா?"ன்னு கேட்டேன். அக்கா சமையல்கட்டுல இருந்து கையைத் துடைச்சுக்கிட்டே ஓடி வந்தா.

"ஏண்டி இப்படி வாயாடறே? அவரு உன் நல்லதுக்குத்தானே சொல்றாரு?"

"போகமாட்டேன்னு சொல்லலக்கா. எனக்கு உதவி வேணும். படிச்சு, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கின மனநல கவுன்சிலர்கிட்ட போறேன்னுதான் சொல்றேன். நானே தேடறேன். சனிக்கிழமைக்குள்ள கிடைக்கலன்னா, நீங்க சொல்ற இடத்துக்கே வந்து தொலையறேன்."

வீம்புல சொல்லிட்டேன். சொன்ன அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூட்டின அறையில தொண்ணூறு நாள், எவனோ ஒருத்தன் கையில. கையில இருக்கறது ரெண்டு நாள்.

இந்தக் கவுன்சிலர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கறதுக்குன்னு ஒரு கவுன்சில் இருக்கு. அவங்க இணையப் பக்கத்துல பதிவு பண்ணினவங்க பட்டியல் இருந்தது. போதைப் பழக்கம், மனநலம் ரெண்டுமே பார்க்கறவங்க எங்க ஊர்ல பதினோரு பேர். பரவாயில்லையே, பதினோரு பேர்ல ஒருத்தர் கிடைக்கமாட்டாங்களான்னு வியாழக்கிழமை மதிய சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிச்சேன்.

முதல் நம்பர் ஒரு தையல்கடைக்குப் போச்சு. "ரவிக்கையா, பேன்ட்டா?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது ஆள் இப்போ குழந்தைங்களை மட்டும்தான் பார்க்கறாராம். மூணாவது, வயசான குரல். "என் லைசென்ஸ் போன வருஷமே காலாவதி ஆயிடுச்சும்மா, நான் பார்க்கக்கூடாது"ன்னார். மறைக்காம சொன்னாரே, அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. நாலாவது எடுக்கவே இல்ல. அஞ்சாவது ஆள், "குடிக்கிறது உங்க வீட்டுக்காரராம்மா?"ன்னார்.

"இல்ல, நான்தான்."

"பொம்பளை நீங்களேவா?"ன்னார்.

"பொம்பளைக்கு ஈரல் கிடையாதுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"ன்னு கேட்டு வெச்சுட்டேன். லைசென்ஸ் இருந்தா மட்டும் போதாதுன்னு அப்பத்தான் உறைச்சது. அதுக்கப்புறம் மூணு பேர்கிட்ட ரெண்டு மாசத்துக்கு இடமில்ல. ஒன்பதாவது ஆள் திரும்பக் கூப்பிடறேன்னார், கூப்பிடல. மாமா போற வர்றப்ப எல்லாம், "கிடைச்சுதா?"ன்னு அக்கறையா விசாரிச்சார். கடுப்பேத்தறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் பத்தாவது நம்பர். ஒரு அம்மா எடுத்தாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வர வேண்டியவங்க வரலையாம், அந்த நேரம் காலியா இருக்குன்னாங்க.

"உங்க லைசென்ஸ் நம்பர்?"ன்னேன், சண்டைக்குத் தயாரா.

நிதானமா ஒவ்வொரு எண்ணாச் சொன்னாங்க. "எழுதிக்கிட்டீங்களா? கவுன்சில் பக்கத்துல போட்டுச் சரிபார்த்துட்டு வாங்க."

இருபது வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் கூட என்கிட்ட சரிபார்த்துக்கோன்னு சொன்னதில்ல. கட்டடத்துக்காரங்க எல்லாம், "நம்புங்க மேடம்"னுதான் சொல்லுவாங்க. நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பேர், படிப்பு, எந்த வருஷம் வரைக்கும் செல்லும், எல்லாம் சரியா இருந்தது. அந்தச் சந்தோஷத்துலயும் அன்னிக்கு சாயங்காலம் குடிச்சேன். அதையும் சொல்லிடறேன்.

சனிக்கிழமை காலைல மாமா அதிசயமா, "நானே கொண்டுபோய் விடறேன்"னார். அக்கா பின்சீட்டுல ஏறினா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நேரா போக வேண்டிய இடத்துல கார் இடது பக்கம் திரும்பிச்சு.

"மாமா, வழி இது இல்ல."

"ஒரு அஞ்சு நிமிஷம். சும்மா பார்த்துட்டுப் போயிடலாம்."

ரெண்டாவது மாடி. இரும்பு கிரில் கதவு. நாங்க உள்ள போனதும் ஒரு ஆள் அதைப் பூட்டி சாவியை பாக்கெட்ல போட்டுக்கிட்டான். அடுத்த அறையில யாரோ, "அண்ணே, ஒரே ஒரு போன்"னு கெஞ்சிக்கிட்டிருந்தாங்க.

டாக்டர்ங்கற ஆள் பெரிய மேஜைக்குப் பின்னாடி உக்காந்திருந்தார். வழுவழுன்னு சிரிப்பு. பின்சுவர் முழுக்க சட்டம் போட்ட சான்றிதழ். நான் எழுந்து போய் ஒண்ணொண்ணாப் படிச்சேன். என் பொழைப்பே அதுதானே. ஒண்ணு ரத்ததானம் பண்ணினதுக்கு, ஒண்ணு பேச்சுப்போட்டியில கலந்துக்கிட்டதுக்கு. இன்னொண்ணு யோகாவுக்கு, மூணு நாள் பயிற்சி. ஒண்ணுல கூட கவுன்சில் முத்திரை இல்ல.

"லைசென்ஸ் எங்கங்க?"

"சேவை பண்றதுக்கு லைசென்ஸ் எதுக்கும்மா? அம்பது பேரைத் திருத்தியிருக்கேன்." மாமா பக்கம் திரும்பி, "இவங்க இப்படித்தான் பேசுவாங்க. நோயே அதுதான்"னு சொல்லிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"நீங்க போட வேண்டாம். ரத்த சொந்தம் போட்டாப் போதும்."

மாமா பேனாவை அக்கா கையில வெச்சார். அப்போ மணி பத்தரை. கத்தலாம், மேஜையைத் தூக்கிப் போடலாம், ஆனா அதையெல்லாம் பண்ணினா பார்த்தீங்களா நோயைன்னுதான் சொல்லுவாங்க. என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதைச் சொன்னா என் மானமே போகும். போகட்டும்னு சொன்னேன்.

"அக்கா, பார்க்காம கையெழுத்துப் போடாதே. நான் போட்டேன். போன மாசம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட். குடிச்சிருந்தேன், கால் நிக்கல, கூண்டு மேல ஏறவே இல்ல. கீழ நின்னபடியே எல்லாம் சரின்னு எழுதிக் கொடுத்துட்டேன். மறுநாள் ஓடிப் போய் முழுசாப் பார்த்து முடிக்கிற வரைக்கும் செத்துச் செத்துப் பிழைச்சேன். அன்னிலேர்ந்துதான் எனக்கு உதவி வேணும்னு தவிக்கிறேன். நீ அந்தத் தப்பைப் பண்ணாதே. அந்தக் காகிதத்தைப் படி. படிச்சிட்டு, போடறதுன்னா போடு."

மாமா வாயைப் பொளந்துட்டார். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சா. மெதுவா, ஒவ்வொரு வரியா. ஒரு இடத்துல நின்னுட்டா.

"சிகிச்சையின்போது உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." சத்தமாவே படிச்சா. அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தா. "உங்க லைசென்ஸ் நம்பர் என்னங்க?"

"அம்மா, மனசைக் குணப்படுத்தறதுக்கு நம்பர் எதுக்கு..."

"கதவைத் திறக்கச் சொல்லுங்க."

"ஏய், என்ன நீயும்"னு மாமா ஆரம்பிச்சார்.

"நீங்க வாயை மூடுங்க. இவ என் தங்கச்சி. கதவைத் திறக்கலன்னா இங்க நின்னே போலீசுக்குப் போன் பண்ணுவேன்." இருபத்திரெண்டு வருஷ குடித்தனத்துல அவ அவரை வாயை மூடச் சொல்லி நான் கேட்டதே இல்ல. சாவி பாக்கெட்ல இருந்து தானா வெளிய வந்துச்சு.

இறங்கி வந்ததும் மாமா கார் பக்கமே போகல, நானும் அக்காவும் ஆட்டோ பிடிச்சோம். அக்கா வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "சண்டாளி, சண்டாளி"ன்னு திட்டிக்கிட்டே அழுதா.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல ஒரு சின்ன அறை. ரெண்டு நாற்காலி, சுவத்துல சட்டம் போட்ட சான்றிதழ் ஒண்ணே ஒண்ணு. போய்ச் சேர்றப்போ மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு. அக்கா வெளிய பெஞ்சுல உக்காந்தா.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு, உக்காருங்க"ன்னாங்க கவுன்சிலர். நரைச்ச முடி, சாதாரண செருப்பு. "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீங்க இங்க பேசறது வெளிய போகாது. ஒரே ஒரு விதிவிலக்கு. உங்க உயிருக்கோ மத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா நான் சும்மா இருக்கமுடியாது. புரியுதா?"

புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. எழுந்து போயிடலாமான்னு கூட இருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீங்க?"

பாதியாக் குறைச்சுச் சொல்லத்தான் வாய் போச்சு. நிறுத்திக்கிட்டு உண்மையைச் சொன்னேன். அவங்க முகம் சுளிக்கல, எழுதிக்கிட்டாங்க. "திடீர்னு நிறுத்திடாதீங்க, வலிப்பு வரலாம். முதல்ல ஒரு டாக்டரைப் பார்க்கணும், கடிதம் தரேன். வேலையில ஏதாவது நடந்துதா?"

ஆஸ்பத்திரி லிஃப்டைப் பத்தி சொன்னேன்.

"அது ஒண்ணுதானா?"

அக்காகிட்ட ஒண்ணுன்னுதான் சொல்லியிருந்தேன். எனக்கு நானே கூட ஒண்ணுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

"நாலு"ன்னேன்.

"மத்த மூணையும் திரும்பப் போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஆளுங்க ஏறி இறங்கிட்டு இருக்காங்களா?"

"ஆமா."

பேனாவை வெச்சாங்க. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. இதுக்கா ரெண்டு நாள் தேடினேன்? அந்த கிரில் கதவுக்குள்ள போயிருந்தா இந்தக் கேள்வியை எவனும் கேட்டிருக்கமாட்டான். தொண்ணூறு நாள் நான் பாட்டுக்குக் கிடந்திருப்பேன், அந்த மூணு லிஃப்டும் அது பாட்டுக்கு ஓடியிருக்கும். ஏதாவது ஒண்ணுல கயிறு தேய்ஞ்சிருந்தா? அந்தம்மா கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"நான் பண்ணின தப்பு, நானே சொல்றேன்"னு போனை எடுத்தேன். அலுவலகத்து அவசர எண். டூட்டியில இருந்த கிளார்க் எனக்குத் தெரிஞ்சவர். மூணு கட்டடத்து விலாசத்தையும் சொல்லி, லிஃப்டை உடனே நிறுத்தச் சொன்னேன்.

"காரணம் என்ன மேடம் போடறது? டெக்னிக்கல்னு போட்டுடவா?"

"வேண்டாம். இன்ஸ்பெக்டர் குடிச்சிட்டு, பார்க்காம கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க."

"மேடம்... உங்க வேலை போயிடும் மேடம்"னார், மெதுவா.

"முதல்ல அந்த மூணுலயும் இருக்கிற ஆளுங்களை இறக்குங்க"ன்னேன்.