மூன்று எண்ணிவிட்டுப் பார்த்த சட்டை

எங்கள் பனியன் கம்பெனியில் போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். எதையும் பழக்கத்தில் செய்யாதீர்கள், மூன்று எண்ணிவிட்டு யோசித்துச் செய்யுங்கள், வேலையும் ஓடும், வாழ்க்கையும் மாறும் என்றார் வந்தவர். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு மறந்துவிட்டார்கள். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் அது என்னைப் படுத்தி எடுத்தது. உப்பைக் கையில் எடுத்து மூன்று எண்ணுவதற்குள், முன்னமே போட்டேனா என்று குழம்பிவிடும். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடி, கம்பெனி வேனை இரண்டு முறை தவறவிட்டேன்.

செக்கிங் மேசையில் இன்னும் மோசம். ஒன்பது வருடமாக ஒரு டி-ஷர்ட்டை இருபது விநாடியில் புரட்டித் தள்ளுகிறவள் நான். நான் பார்த்த பெட்டியில் என் நம்பரை ஒட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு நீலச் சட்டையை எடுத்து மூன்று எண்ணினேன். உடல் பாகம் ஒரு நீலமாகவும் கை வேறு நீலமாகவும் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தால் ஒன்றாக இருந்தது. மறுபடி பார்த்தால் வேறாக இருந்தது. பக்கத்து மேசை ஜோதிகா ஒரு வித்தியாசமும் இல்லை என்றாள். நான்கு மணிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். நிறுத்தச் சொல்லி, தவறு இல்லையென்றால் என்னைச் செக்கிங்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். விட்டுவிட்டு, தவறு இருந்தால் சரக்கு என் நம்பரோடு திரும்பி வரும். யோசித்தும் புரியாவிட்டால் என்ன செய்வது என்று அந்த மகராசன் சொல்லித்தரவில்லை.

பயந்துகொண்டே சூப்பர்வைசர் தரணியைக் கூப்பிட்டேன். அவர் டியூப்லைட்டின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது, கருத்தம்மாக்கா."

நான் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"வெளிய வெயில்ல வச்சு ஒருக்கா பாத்திருவோம் சார்."

வாசலில் வெயில் பட்டதும் கை மட்டும் பச்சை கலந்து தெரிந்தது. இரண்டு தடவையாகச் சாயம் ஏற்றிய துணியைக் கட்டிங்கில் கலந்து வெட்டியிருக்கிறார்கள். கண்டெய்னரை நிறுத்தச் சொல்லித் தரணி ஓடினார்.

திரும்பி வந்தவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"எப்படிங்கக்கா கண்டுபுடிச்சீங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் உள்ளே எரிந்த டியூப்லைட்டைத் திரும்பிப் பார்த்தேன். இதே விளக்கின் கீழே நான் புரட்டித் தள்ளிய லட்சக்கணக்கான சட்டைகளில் எத்தனைக்குக் கை வேறு நிறமோ, யார் யார் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார்களோ? ஒன்றும் திரும்பி வராததால், நான் நன்றாகப் பார்க்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.