பர்னபாஸ் சப்ளை செய்த நோயாளிகள்

மனிதகுலத்தின் வரலாறு என்பது முதுகெலும்பின் வரலாறு. நான்கு காலில் திரிந்த உயிர் என்றைக்கு இரண்டு காலில் எழுந்து நிமிர்ந்து நின்றதோ, அன்றைக்கே அரசுகள் தோன்றின, கோபுரங்கள் எழுந்தன, கடல்கள் கப்பலுக்கு வழிவிட்டன. ஆகவே முதுகைக் காப்பவரே நாகரிகத்தைக் காப்பவர்.

இதைச் சொன்னபோது பர்னபாஸ் சோபாவில் படுத்திருந்தார்.

"இத அப்படியே கட்டுரைக்கு மொத வரியா போடுளா" என்றார் மகளிடம். "அமெரிக்காக்காரன் வாசிச்சதும் எந்திரிச்சு நிக்கணும்."

"அவன் எதுக்கு டாடி எந்திரிக்கணும்? ஏன் இந்தப் படிப்புன்னுதான் கேட்டிருக்கான்" என்றாள் ஜெஸ்மி. அந்த வரியைப் போடவில்லை.

ஜெஸ்மி பிசியோதெரபியில் இளநிலை முடித்தவள். பயிற்சிக் காலத்தில், பக்கவாதம் வந்து கிடந்த ஒரு மீன்காரம்மாவைக் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் நடக்க வைத்தாள். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு முதல் காரியமாக நர்ஸைத் திட்டினாள். அன்றைக்கு ஜெஸ்மிக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இதையே மேலே படிக்க வேண்டும், அமெரிக்காவில் அதற்கென்று முனைவர் படிப்பு இருக்கிறது, மூன்று வருஷம். அவளுக்கு வேண்டியது அந்தப் படிப்பு. அவள் அப்பாவுக்கு வேண்டியது, படித்து முடித்தால் பேருக்கு முன்னால் வந்து உட்காரும் 'டாக்டர்' என்ற வார்த்தை. வீட்டு வாசலில் பெயர்ப்பலகைக்கான இடத்தை அவர் ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்துத் தயார் செய்திருந்தார்.

பர்னபாஸ் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். கப்பலில் வந்து இறங்கும் சரக்கைச் சுங்கத்தின் பிடியிலிருந்து மீட்டு உரியவரிடம் சேர்ப்பது தொழில். தம் கைக்கு வந்த எந்தக் கன்டெய்னரும் தேங்கி நின்றதில்லை என்பது அவருடைய சரித்திரம். தேங்கி நின்றவற்றைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆகவே அவை சரித்திரத்தில் சேரவில்லை.

"கஸ்டம்ஸ்காரன் என்ன கேப்பான்? பேப்பர் கேப்பான். அமெரிக்காக்காரன் என்ன கேக்கான்? அவனும் பேப்பர்தான் கேக்கான். ஏளா, இது ஒரு சாதாரண கிளியரிங்கு."

கேட்ட பேப்பர் கொஞ்சநஞ்சமல்ல. இங்கே வாங்கிய மதிப்பெண்ணை அங்கத்திய மதிப்பெண்ணாக மாற்றித் தர ஒரு நிறுவனம். இளநிலையில் படிக்காமல் விட்ட புள்ளியியலையும் உளவியலையும் தனியாகப் படித்ததற்குச் சான்று. ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஒரு தேர்வு. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே விளங்காத ஆங்கிலத்தில் இன்னொரு தேர்வு. ஜெஸ்மி ஒவ்வொன்றாக முடித்தாள். ஒவ்வொன்று முடியும்போதும் பர்னபாஸ் ஆபீசில், "அதையும் கிளியர் பண்ணிட்டேன்" என்று அறிவித்தார்.

கடைசியில் ஒன்று மட்டும் நின்றது. உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நோயாளிகளைக் கவனிப்பதை, பக்கத்தில் இருந்து இத்தனை மணி நேரம் பார்த்ததாக அவர் கையெழுத்து வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியது ஒரு பாதி; அதை முடித்துவிட்டாள். மறு பாதி, வெளிநோயாளிகள் வந்துபோகிற தனி கிளினிக்கில் பார்த்ததாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அது தவறினால் ஒரு வருஷம் போச்சு.

கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. பேக்கரி ஒன்றின் மாடியில் செந்தூர்வேல் நடத்தும் பிசியோதெரபி மையம் இருந்தது. இழுவைக் கட்டில் இருந்தது, சுவரில் எலும்புக்கூட்டின் படம் இருந்தது, கீழிருந்து மக்ரூன் வேகும் வாசனையும் வந்தது. நோயாளிகள்தான் வரவில்லை. இடுப்பு பிடித்தால் இந்த ஊரில் தைலம் தேய்ப்பார்கள், மாதாவுக்கு நேர்ந்துகொள்வார்கள், இரண்டுக்கும் மசியாவிட்டால் ஊசி போட்டுக்கொள்வார்கள். மாடி ஏறிப்போய்க் காலைத் தூக்கி இறக்கக் காசு கொடுப்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"மூணு நாளா எலும்புக்கூட்டத்தான் பாத்துட்டு வாரேன்" என்றாள் ஜெஸ்மி வீட்டில். "ஆள் வந்தால்ல பாக்க முடியும்? இப்படியே போனா தேதி தாண்டிரும்."

பர்னபாஸ் சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். சரக்கு இல்லாத கப்பலா? அவர் இருக்கும்போதா?

"வரும்" என்றார்.

மறுநாள் காலையில் பேக்கரி வாசலில் அவருடைய ஆட்கள் திரண்டார்கள். லோடுமேன் முத்துக்கனி, ஆபீசில் டைப் அடிக்கிறவர், திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் ரோச், பர்னபாஸின் அக்காள் பிளாரன்ஸ், இன்னும் நாலைந்து பேர். பர்னபாஸ் சரக்கு பிரிப்பதுபோல நோயைப் பிரித்துக் கொடுத்தார்.

"முத்துக்கனி, ஒனக்கு முட்டு."

"எந்த முட்டு, அண்ணாச்சி?"

"வலது."

"இடதா இருக்கட்டும். வலது காலாலதான் பைக்க ஒதைப்பேன். நோக்காட்ட வாயால சொன்னா வந்துரும்பாவ."

"வராதுல. ரோச்சு, ஒனக்கு இடுப்பு. யக்கா, ஒனக்குக் கழுத்து."

"கழுத்து நல்லாத்தாம்ல இருக்கு" என்றாள் பிளாரன்ஸ். "எனக்கு நெசமாவே இடுப்புதான் வலிக்கு. ரெண்டு வருசமா குனிஞ்சு ஒரு வாளி தூக்க முடியல. அதச் சொல்லுதேன்."

"இடுப்பு ரோச்சுக்குக் குடுத்தாச்சு. ஒரே நாள்ல ரெண்டு இடுப்பு போனா சந்தேகம் வரும். நீ கழுத்துக்குப் போ."

பிளாரன்ஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறி, மேலே போனதும் கையைக் கழுத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

செந்தூர்வேலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கிளினிக் திறந்த நாளிலிருந்து இப்படியொரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லை என்பதால் புரிந்துகொள்ள அவசரப்படவும் இல்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பரிசோதித்தார். ஜெஸ்மி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். விதிப்படி அவள் தொடக்கூடாது; பார்க்க மட்டும்தான் வேண்டும். பார்த்தாள். இடது காலை நொண்டிக்கொண்டு உள்ளே வந்த முத்துக்கனி, வலது காலை நொண்டிக்கொண்டு வெளியே போனான். ரோச்சிடம், குனிந்து கால் பெருவிரலைத் தொட முடிகிறதா என்றார் செந்தூர்வேல். வாழ்நாளெல்லாம் கடலடியில் குனிந்து சங்கு பொறுக்கியவன், உள்ளங்கையைத் தரையில் ஊன்றி நின்று, "போதுமா சார்?" என்று கேட்டான்.

ஜெஸ்மி எழுந்தாள்.

"சார், இதுக்கெல்லாம் கையெழுத்து போட்டுராதீங்க. எல்லாரும் எங்க டாடி ஆளுங்க."

"ஒனக்கு மணிக்கணக்கு வேணும்லாம்மா?"

"வேணும். நடிப்ப பாத்ததுக்கு யாரும் காலேஜ்ல சீட்டு தர மாட்டாங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த பர்னபாஸ் காதில் இது விழுந்தது. சரக்கைத் திருப்பி அனுப்புகிற அதிகாரிகளை அவர் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட நேரத்தில் குற்றம் எப்போதும் சரக்கில் இல்லை, பாக்கிங்கில்தான் என்பது அவர் அனுபவம். உள்ளே வந்தார்.

"ஏலே ரோச்சு, இடுப்பு வலின்னா இப்படியாலே குனிவான்? பாரு. கைய இங்கன வைக்கணும். மூஞ்ச இப்படிச் சுளிக்கணும். பொறவு மெள்ள, மெள்ள..."

குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"அண்ணாச்சி என்னமா செய்யுதாரு பாரு" என்றான் முத்துக்கனி.

"ஏலே" என்றார் பர்னபாஸ் தரையைப் பார்த்து.

"வேர்வைகூட வருதுய்யா" என்றான் ரோச் மரியாதையோடு.

"ஏலே, நெசம்லே. நிமிர முடியலலே."

"வாயால சொன்னா வந்துரும்னு சொன்னேம்லா" என்றான் முத்துக்கனி.

செந்தூர்வேல் அவரைப் பக்கவாட்டில் பிடித்துக் கட்டிலில் சரித்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். எங்கே இழுக்கிறது, விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டார். 'ஒன்றுமில்லை' என்றே எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தது. அந்தப் பதிலையும் அதைச் சொல்லும்போது அவர் பல்லைக் கடித்ததையும் ஜெஸ்மி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிளினிக்கில் அவள் பார்த்த முதல் நோயாளி அவர்தான். மற்றவர்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"தெனமும் வரணும், அண்ணாச்சி" என்றார் செந்தூர்வேல்.

"மகளுக்காக வாரேன்" என்றார் பர்னபாஸ். வராவிட்டால் நிமிர்ந்து நடக்க முடியாது என்பதை அவர் சொல்லவில்லை.

அப்படியாக, சப்ளையர் சரக்கானார். அந்தக் கட்டில் கண்ணாடி ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. கீழே மக்ரூன் வாங்க நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்தால், காக்கி நிக்கரோடு ஒரு கிளியரிங் ஏஜென்ட் இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்குவது தெரியும். ஆபீசில் அவர், "கிளினிக்க மேற்பார்வை பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். துறைமுகத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள்.

"பர்னபாஸ் கன்டெய்னர் ஹோல்டு ஆயிட்டாம்ல."

"எங்கன?"

"பேக்கரி மாடில. தொறந்து பாத்துட்டு இருக்காவளாம்."

நோயாளியாக அவர் நடந்துகொண்ட விதம் தனி. பத்துமுறை செய்யச் சொன்னால் நாலு செய்துவிட்டு, "மீதிய நாளைக்குச் சேத்துத் தாரேன்" என்பார். மூச்சை விடச் சொன்னால் இழுப்பார். செந்தூர்வேலுக்கே வைத்தியம் சொல்லிக்கொடுப்பார். ஆனாலும் நாளாக ஆக, கட்டிலைப் பிடிக்காமல் எழுந்தார். பிறகு படியைப் பிடிக்காமல் இறங்கினார். அதை ஊர் பார்த்தது. ஊசிக்குக்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத பர்னபாஸே மாடி ஏறுகிறார் என்றால் மேலே ஏதோ விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டியது.

முதலில் பிளாரன்ஸ் வந்தாள். இந்த முறை இடுப்போடு வந்தாள். பிறகு ஐஸ் பிளான்டில் பெட்டி தூக்குகிறவர்கள், வலை பின்னிப் பின்னித் தோள் இறுகிப்போனவர்கள், உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்கள். பெஞ்ச் போதாமல் பேக்கரியிலிருந்து ஸ்டூல் கடன் வாங்கினார்கள். யாரும் கால் மாற்றி நொண்டவில்லை. ஜெஸ்மிக்கு வேண்டிய நேரம் நிறைந்து வழிந்தது. செந்தூர்வேல் கையெழுத்துப் போட்டு, தேதிக்கு முன்னாலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நேர்காணல் ஒரு சாயங்காலம் கணினித் திரையில் நடந்தது. ஜெஸ்மி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பர்னபாஸ் கதவில் காதை வைத்துக்கொண்டார். மனைவி கிளாடிஸ் பக்கத்தில் நின்றாள். நீங்கள் கவனித்ததிலேயே கடினமான நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள் அங்கிருந்து.

ஜெஸ்மி சொன்னாள். வலியை ஒத்துக்கொள்ள மாட்டார் ஒருவர். தமக்குப் பதில் நோயாளிகளை அனுப்பி வைப்பார். வைத்தியருக்கே உத்தரவு போடுவார். அவரிடம் 'செய்யுங்கள்' என்றால் நடக்காது; 'உங்களால் முடியாது' என்றால் உடனே செய்துவிடுவார். செந்தூர்வேல் சார் இதை இரண்டாவது வாரத்தில் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடிப்பதைத் தான் பக்கத்தில் இருந்து பார்த்தது புத்தகத்தில் கிடைக்காத பாடம் என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பர்னபாஸுக்கு மகளை நினைத்து நெஞ்சு விம்மியது.

"யாருளா அந்த ஆளு?" என்றார் கிளாடிஸிடம் கிசுகிசுப்பாக. "இந்த முரட்டுப் பயல எப்படித்தான் சமாளிச்சாவளோ."

"அந்தப் பய இன்னிக்கு இன்னும் சார் சொன்ன நடைக்குப் போகல" என்றாள் கிளாடிஸ். "உங்களால முடியாதுன்னு நெனைக்கேன்."

பர்னபாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

இடம் கிடைத்தது. அன்றைக்குப் பேக்கரியில் மக்ரூன் மிச்சமில்லை. பர்னபாஸ் அத்தனையையும் வாங்கிப் பங்குக்கோவிலில் இருந்து மீன் ஏலக்கூடம் வரைக்கும் கொடுத்தனுப்பினார். "கிளியர் ஆயிட்டு" என்பதுதான் செய்தி. யார் கிளியர் செய்தது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் தூக்கக் குனியப் போனவரை, "முட்டிய மடக்கித் தூக்குங்க டாடி" என்று ஜெஸ்மி அதட்டினாள். மடக்கித் தூக்கினார்.

ஜெஸ்மி போன முதல் பருவத்திலேயே ஃபோன் வந்தது. வகுப்பில் ஒரு நோயாளியைப் பற்றி எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும். சிகிச்சை ஆரம்பித்த புதிதில் கிளினிக்கில் எடுத்த டாடியின் படத்தைப் பெரிய திரையில் காட்டலாமா என்று கேட்டாள். பர்னபாஸ் அனுமதியைத் தட்டச்சு செய்து, கம்பெனி முத்திரை குத்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்களை நிறுத்தி, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து தம் படத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், சட்டம் போட்டு ஹாலில் மாட்டப் போகிறேன் என்றார். சில பேர் அப்போதே கூட வந்தார்கள்.

படம் வந்திருந்தது. அதில் முகம் இல்லை, முதுகு மட்டும்தான் இருந்தது. நிக்கரை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தார்.