வாசலில் தூங்கும் குழந்தை

தள்ளுவண்டிக்குள் மூக்கு மட்டும் தெரிகிறது, குளிரில் சிவந்த சின்ன மூக்கு, கழுத்துவரை போர்வை, போர்வையின் மேல் பனித்தூள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெற்றவள் தோழியோடு சிரித்துச் சிரித்துக் காப்பி குடிக்கிறாள், குழந்தை கடை வாசலில் தனியாகத் தூங்குகிறது, இது எந்த ஊர் நியாயம், டென்மார்க்குக்கு வந்து நான்கு மாதமாகியும் எனக்குப் பிடிபடவில்லை, இங்கே பிள்ளைகளை வெளிக்காற்றில்தான் தூங்கப் போடுவார்களாம், உடம்புக்கு நல்லதாம், யார் கண்டது, என் மகள் இதழினியையும் குழந்தைகள் காப்பகத்துத் தோட்டத்தில் இந்நேரம் இப்படித்தான் கிடத்தியிருப்பார்கள், இன்றுதான் அவளுக்கு முதல் நாள், மதியம்வரை இந்தப் பக்கம் வராதீர்கள் என்று அங்கிருந்த பெண் சிரித்தபடி சொன்னாள், அந்தச் சிரிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை, ஒன்னும் ஆவாதுங்க, சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காம எங்கயாச்சும் போயி ஒரு காப்பியக் குடிங்க, என்று என் மனைவி தேன்மொழி ஆபீஸிலிருந்து போனில் சொல்கிறாள், அவளால் சொல்ல முடிகிறது.

காப்பி குடிக்க வந்தவன் உள்ளே போகாமல் யார் வீட்டுப் பிள்ளைக்கோ காவல் நிற்கிறேன், அந்த சைக்கிள்காரன் ஏன் மெதுவாகப் போகிறான், நாயோடு வரும் கிழவர் ஏன் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார், சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தப் புத்திதான், அப்போது ஒருநாள் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் கூட்டம் நெரிக்கிறது, அண்ணே, இவளச் செத்த நேரம் மடியில வச்சுக்கங்க, என்று அம்மா என் தங்கையை உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, நான் அந்த மனிதரின் கைகளையே பார்த்துக்கொண்டு வருகிறேன், அவர் எழுந்திருக்கிறார், தங்கையோடு இறங்குகிறார், பஸ் கிளம்பிவிட்டது, இல்லை, அது பின்னால் வந்த கனவு, அவர் தங்கையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார், கனவில்தான் கொடுக்காமல் போகிறார், நேற்று ராத்திரிக் கனவில் அவர் தோளில் இருந்தது இதழினி, பஸ்ஸைச் சுற்றிலும் பனி.

கடைக்கதவு திறக்கிறது, பெற்றவள் வெளியே வந்து என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள், ஒன்றுமில்லை, உங்கள் குழந்தையை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்கிறேன், யார், என்கிறாள், கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறாள், நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறேன், சைக்கிள்காரன் போய்விட்டான், நாயும் கிழவரும் போய்விட்டார்கள், என்னைத் தவிர ஆளில்லை.

அப்படியானால் ஒரு நிமிடம் இருங்கள், பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், என்று அவள் மறுபடி உள்ளே போகிறாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்குகிறது, என் கை தானாக வண்டியை ஆட்டுகிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது, இதழினியின் வண்டிக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருத்தன் இப்படி நின்றிருந்தால் நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.