பாலாத்து ஊத்து

ஐயம்பேட்டையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குழியோரம் நான்கு பேர் இருந்தார்கள். குழிக்குள், மார்பளவு ஆழத்தில், கடப்பாரையோடு யேசுதாஸ். மேலே மண்கூடையோடு அவன் மனைவி அம்சா. வாயில் பிரஷ்ஷோடு பக்கத்து வீட்டுத் தர்மன். வேலிக்கு அந்தப் பக்கம், வாசல் பெருக்குகிற சாக்கில், தர்மனின் மனைவி அகிலா. தர்மனை யாரும் கூப்பிடவில்லை. ஆறு நாளாகவே கூப்பிடாமல்தான் வந்துகொண்டிருந்தார்.

அதுதான் யேசுதாஸை உறுத்தியது. இவன் கூரை மாற்றியபோது ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத மனுஷனுக்குக் கக்கூஸ் குழிமேல் மட்டும் என்ன இத்தனை அக்கறை?

அடுத்த வாரம் ஞாயிறு மகள் நதியா பிரசவத்துக்கு வர வேண்டும். கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் மாமியார் போனிலேயே சொல்லிவிட்டாள். அறையும் கதவும் எழுப்பியாகிவிட்டது. குழிதான் பாக்கி. யேசுதாஸ் மேஸ்திரி வைக்கவில்லை. மேஸ்திரி மூடிவிட்டுப் போன குழிக்குள் என்ன இருக்கிறதென்று எவனுக்குத் தெரியும்? வட்டமான சிமெண்ட் உறையைத் தரையில் வைத்து, உள்ளே நின்று அடிமண்ணைச் சுரண்டினால் உறை தன் கனத்தில் தானே இறங்கும். அதன்மேல் அடுத்த உறை. ஒற்றை ஆள் வேலைதான்.

ஆனால் தினமும் விடிந்தால் குழியில் முழங்கால் தண்ணீர். கிழக்குப் பக்கம், இரண்டு உறைக்கு நடுவிலிருந்து ஊறியது. சித்திரை மாசம்; மழையே கிடையாது.

“பாலாத்து ஊத்துபா அது” என்றார் தர்மன். “இங்க போட்டன்னா ஆயுசுக்கும் தண்ணி எறச்சிக்கினு இருப்ப. தூத்துட்டு மேற்கால மூலைக்குப் போ.”

“மேற்கால என் அடிபம்பு இருக்குதே அண்ணா.”

“அப்போ தெருவாண்ட போடு.”

“உங்க வாசலுக்கு எதுத்தாப்புலயா?”

அம்சா சிரித்துவிட்டாள். தர்மன் நுரையைத் துப்பிவிட்டுப் போனார்.

யேசுதாஸ் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தான். சேற்று நாற்றம், அதற்கு மேலே லேசாகச் சோப்பு.

“பாலாறு எந்த சோப்பு போடுது அம்சா?”

மூன்று வருஷமாக அவர்கள் போனது தர்மன் வீட்டுக் கக்கூஸுக்குத்தான். விடியுமுன் ஒருமுறை, தண்ணீர் மட்டும் சொந்த வாளியில் கொண்டுபோக வேண்டும். அகிலா வைத்த சட்டம் அது. அவர்களுக்குப் பெரிய மனசு என்றுதான் இவன் நினைத்திருந்தான்.

அம்சாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சாயம் போடும் பட்டறையில் வேலை. அன்று சாயங்காலம் முந்தானை முடிச்சில் ராணிக் கலர் சாயப்பொடி ஒரு கைப்பிடி கொண்டுவந்தாள்.

“அவங்க நெஜமா தொட்டி கட்டியிருந்தா சாயம் அதுலயே தேங்கிடும்யா. வெறும் பைப்பா இருந்தா அப்டியே பளிச்சினு வரும்.”

மறுநாள் காலை வெந்நீரில் பொடியைக் கரைத்து, வாளியைத் தட்டால் மூடி, வழக்கம்போலத் தர்மன் வீட்டுக் கக்கூஸுக்குப் போய் ஊற்றிவிட்டு வந்தாள். யேசுதாஸ் குழியோரம் உட்கார்ந்து காத்திருந்தான்.

ஏழு மணிக்குத் தர்மன் பிரஷ்ஷோடு வந்தார். “சொன்னேன் பாரு, இன்னிக்கும் ஊத்து...”

அவர் குனிந்து பார்த்தார். கிழக்குப் பக்க உறை இடுக்கிலிருந்து ராணிக் கலர் கோடு கோடாக வழிந்து, அடியில் நின்ற தண்ணீர் முழுக்கச் சிவந்திருந்தது.

“பாலாத்துல இன்னிக்கு முகூர்த்தமா அண்ணா?” என்றாள் அம்சா. “பொடவ நனைச்சிருக்காங்க போல.”

வேலியோரம் அகிலா துடைப்பத்தைக் கீழே போட்டாள். “பத்தடித் தொட்டின்னு சொன்னியேயா!”

“மேஸ்திரி பண்ண வேல” என்றார் தர்மன்.

“மேஸ்திரி பண்ண வேலன்னா என்னை எதுக்கு மேற்கால போவச் சொன்ன?” யேசுதாஸ் பேச்சில் ‘அண்ணா’ காணாமல் போயிருந்தது.

உறைக்கு வெளியே, கிழக்கே தர்மன் வீட்டு வேலிப் பக்கமாக இரண்டடி தோண்டியதும் கடப்பாரை பைப்பில் இடித்தது. நாலு இஞ்ச் பிவிசி. வேலிக்கு அடியில் நுழைந்து வந்து, இவன் மண்ணில் ஜல்லிக்குள் வாய் திறந்து கிடந்தது. மூன்று வருஷமாகத் தன் மண்ணை நிரப்பத்தான் தினமும் வாளி சுமந்திருக்கிறான். பெரிய மனசு! சாக்கைச் சுருட்டி பைப்பின் வாயில் திணித்து, மேலே சிமெண்ட் அப்பினான்.

“எங்க வூட்டுக்கு இன்னாபா வழி?” என்றார் தர்மன்.

“உங்க எடத்துல தோண்டு. உறை எப்டி எறக்கறதுன்னு ஆறு நாளா பாத்துக்கினுதான இருந்த.”

மூன்று நாளில் குழி காய்ந்தது. அடியில் காங்கிரீட் போட்டான். வழியும் தண்ணீர் உறிஞ்ச இரண்டாவது குழியும் இறக்கி, மூடி போட்டு, காற்றுக் குழாய் நட்டான். வேலிக்கு அந்தப் பக்கத்திலும் கடப்பாரைச் சத்தம் கேட்டது. யேசுதாஸ் எட்டிப் பார்த்தான். அவர் தோண்டுவது எந்தத் திசையில் என்று தெரிய வேண்டாமா?

ஞாயிறு பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நதியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மாமியார் பையைக்கூட வைக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். மூடியைக் காலால் தட்டினாள். குழாயை ஆட்டிப் பார்த்தாள்.

“நீங்களே போட்டதா? தாங்குமா? தண்ணி எங்க போவுது?”

“என் மண்ணுக்குள்ளதான்மா. வேலி தாண்டாது.”

“யாரு கண்டா...”

“அத்த, அப்பறமா வெசாரி” என்று நதியா அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.