மூச்சு முட்டிய இஞ்சின்

விடிந்தால் வெள்ளிக்கிழமை. மாங்காட்டு அம்மன் சந்நிதியில் அண்ணன் உலகநாதன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யப் போகிறான். அதை நினைத்து நினைத்து முத்தம்மாள் பாயில் புரண்டுகொண்டிருந்தாள். சத்தியம் செய்யச் சொன்னவன் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்ட மகராசன் ஜம்புலிங்கம்தான். எல்லாம் ஒரு பாழாய்ப்போன இஞ்சினுக்காக!

கற்பூரம் அணைப்பதென்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் விளையாட்டுக் காரியமில்லை. அணைத்தவன் யோக்கியனாகவே இருக்கட்டும், அணைக்கச் சொன்னவன் வீட்டு வாசற்படியை அப்புறம் மிதிக்க மாட்டான். உலகநாதன் அதை வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"சத்தியம் பண்றேன் மாப்ளே, எனுக்கு இன்னா பயம்? ஆனா அதோட உனுக்கும் எனுக்கும் ஒண்ணுமில்ல. என் புள்ளைக்கு வேற எடத்துல பொண்ணு பாத்துக்கறேன்."

அவன் மகன் வரதனுக்குத்தான் முத்தம்மாளின் மகள் சுசீலாவைப் பேசி முடித்திருந்தது. பிறந்த வீடும் போய், பெண்ணின் கல்யாணமும் போய், நடுவில் இவள் நிற்க வேண்டியதுதான்.

விஷயம் இவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் இன்னும் மாட்டைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஜம்புலிங்கம் ஓர் ஆயில் இஞ்சின் வாங்கினான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் கிருஷ்ணாயிலுக்கு மாற்றிவிட்டால் போதும், கத்தரித் தோட்டம் முழுக்கத் தண்ணீர் பாய்ந்துவிடும். உலகநாதன் தன் நாற்றங்காலுக்கு ஒருநாள் இரவல் கேட்டான், கொடுத்தார்கள். திருப்பிக் கொண்டுவந்தபோது டாங்க் நிறையத் தன் செலவில் கிருஷ்ணாயில் ஊற்றித்தான் இறக்கினான். அதற்கு மறுநாளிலிருந்து இஞ்சினுக்குக் கேடு வந்தது. கிளப்பினால் இருமும், கறுப்புக் கறுப்பாகப் புகை கக்கும், நின்றுவிடும். கத்தரிச் செடியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டன. மச்சான் பொறாமையில் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று ஜம்புலிங்கம் டீக்கடையில் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டு வந்தான். வாய் இருக்கிறதே என்று பேசுகிற ஆள்!

வெள்ளி காலை இருட்டுப் பிரிவதற்குள் முத்தம்மாள் தெருமுனைக்குப் போய் நின்றாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் துலுக்காணம் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போவான். இஞ்சின் ரிப்பேரில் கெட்டிக்காரன், வாய் மட்டும் ஓயாது. அவன் சைக்கிள் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, உடுக்கா. ஷிப்டுக்கு நேரமாச்சு."

"உன் ஷிப்டு நாளைக்கும் வரும்டா. எங்க அண்ணன் போனா வருவானா?"

அவன் முனகிக்கொண்டே பின்னால் வந்தான். கிணற்று மேட்டில் ஜம்புலிங்கம் தலைமுழுகி, ஈர வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக மாங்காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இவன எதுக்குடி இட்டுகினு வந்த? மாங்காட்டு அம்மா சொல்லட்டும், யாரு யோக்கியன்னு."

"அம்மாவுக்கு உன் இஞ்சினப் பாக்கறதுதான் வேலையா? கம்முனு நில்லுய்யா," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அப்படி அதட்டியதில்லை. அவனும் நின்றுவிட்டான்.

துலுக்காணம் இஞ்சினைக் கிளப்பினான். அது இருமியது, புகை கக்கியது, செத்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சூட்டுக்குப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றினான். முனையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முத்தம்மாளுக்குப் பிளக்கில் என்ன தெரியும்? அவள் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. காளிகாம்பா, என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று உள்ளுக்குள் கும்பிட்டாள்.

"தண்ணி கலந்த எண்ணெய்னு யாரு சொன்னது?" என்றான் துலுக்காணம்.

"நாந்தான் சொன்னேன். இன்னா இப்போ?" என்றான் ஜம்புலிங்கம்.

"தண்ணின்னா பிளக்கு நனைஞ்சு கெடக்கும் அண்ணாத்தே. இத்தத் தொட்டுப் பாரு." விரலால் ஒரு தடவு தடவிக் காட்டினான். பவுடர் மாதிரி காய்ந்த கரி. திரியை ஏற்றிவைத்த லாந்தர் கண்ணாடியில் படியுமே, அதே கரி. "இஞ்சின் நல்லா எரிஞ்சா இந்த மொனை காப்பித்தூள் கலர்ல இருக்கும். உள்ள ஆயில் ஏறுச்சுன்னா பிசுபிசுன்னு இருக்கும். காத்து ஜாஸ்தின்னா வெளுத்துப் பூடும். இது ஒண்ணுமில்ல, காஞ்ச கரி. எண்ணெய் மேல தப்பே இல்ல. காத்து பத்தாம மூச்சு முட்டுது, அவ்ளோதான்."

முத்தம்மாளின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "இன்னொரு தபா சொல்லுடா," என்று கேட்டாள். அவன் இன்னொரு தரம் சொன்னான்.

"காத்துக்கு இன்னா கேடு? ஊரெல்லாம் காத்துதானே!" என்று ஜம்புலிங்கம் எகிறினான். ஆனால் குரலில் சுரத்தில்லை.

துலுக்காணம் காற்று உறிஞ்சும் ஏர் கிளீனரின் மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே கையை விட்டுக் கறுப்புத் துணி மூட்டை ஒன்றை எடுத்தான். பிரித்தால் படிகாரம், உப்பு, காய்ந்த மிளகாய். மறுபடி கையை விட்டான். இன்னொரு மூட்டை!

ஜம்புலிங்கம் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு கிணற்றைப் பார்த்தான்.

"இது இன்னாய்யா?" என்றாள் முத்தம்மாள்.

"திருப்பி எறக்கும்போது உங்க அண்ணன் இஞ்சினத் தட்டிக்குடுத்து, இன்னா ஜோரா ஓடுது மாப்ளே, ராஜாவாட்டம் கீதுன்னான். அந்தக் கண்ணு சும்மா உடுமா? வெளிய கட்னா நாலு பேர் சிரிப்பாங்கன்னுதான் உள்ள வெச்சேன்."

"சரி, ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு வெச்ச அன்னியிலேருந்து இஞ்சின் நின்னு நின்னு போச்சு. கண்ணு பலமா பட்டுடுச்சுன்னு..."

"அட, உன் புத்தியில இடி விழ!" என்றாள் முத்தம்மாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. துலுக்காணம் கரியைச் சுரண்டித் துடைத்துப் பிளக்கை மாட்டிக் கிளப்பினான். இஞ்சின் இரண்டு இருமலோடு சீராகப் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் பொங்கி வாய்க்காலில் விழுந்தது. அதை நின்று பார்க்கக்கூட நேரமில்லை. அதற்குள் அண்ணன் கற்பூரம் ஏற்றிவிட்டால்?

ஈர வேட்டியோடு முன்னால் அவனும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் அவளும் வரப்பில் ஓடினார்கள். கோயில் வாசலில் உலகநாதன் தனியாக உட்கார்ந்திருந்தான். கற்பூரப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் மடியில் இருந்தது. முத்தம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மச்சான், சத்தியம் வாணாம்," என்றான் ஜம்புலிங்கம், இரைக்க இரைக்க. "உன் எண்ணெய்ல ஒரு கொறையும் இல்ல. தப்பு என்னுது." மூட்டைக் கதையை முழுக்கச் சொன்னான். உன் கண்ணுக்குப் பயந்துதான் வைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

அந்த இடத்தில் முத்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். எண்ணெய்க் கலப்படக்காரன் என்றதை அண்ணன் பொறுத்தாலும் பொறுப்பான், கொள்ளிக்கண்ணன் என்றால் எந்த மனுஷன் பொறுப்பான்?

"எத்தினி மூட்டை வெச்ச?" என்றான் உலகநாதன்.

"ரெண்டு."

"பத்தாது மாப்ளே."

இருவரும் அவனையே பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு இஞ்சின வண்டியில ஏத்திகினு வரும்போது வழியெல்லாம் வயிறு எரிஞ்சுது. இவனுக்குக் கெடைச்சது எனுக்குக் கெடைக்கலியேன்னு. எண்ணெய் சுத்தம்னு எந்த சாமி முன்னாடி வேணா அணைப்பேன். கண்ணு வெச்சியான்னும் சேத்துக் கேட்டுட்டீன்னா இன்னா பண்றதுன்னு ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. கோழி கூவறதுக்கு முன்னாடியே வந்தேன். உள்ள போக தைரியம் வரல."

ஜம்புலிங்கம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டான், அப்புறம் முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தான். உலகநாதனும் சிரித்துவிட்டான். பூக்காரி கூடையை விட்டுவிட்டு எழுந்து வந்து என்ன என்று விசாரித்தாள். முத்தம்மாள் அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், புருஷன் முதுகிலும் ஒன்று வைத்தாள், பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அழுவாதடி, அதான் சரியாப் பூட்சே," என்றான் உலகநாதன்.

"சரியாப் போனதுக்குத்தான் அழுவறேன்," என்றாள் முத்தம்மாள்.