லோகேஸ்வரி சறுக்கிய கதை

1

லோகேஸ்வரிக்கு இடது முழங்கால் மடங்காது. மடக்கினால் உள்ளே கல் அரைபடுவது போல் வலிக்கிறது. இந்தக் கதை பிறந்தது அந்த வலியில்தான், என் கற்பனையில் அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவர் அந்தக் காலை நடைவழியில் நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார். ரச வாளியோடு வந்தவர் அதில் தடுக்கிவிட, ரசம் என் சட்டையில். "மன்னிச்சிக்குங்கண்ணே, இந்தக் காலு என் பேச்ச கேக்காது" என்றார். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். பனியில் விழுந்தாராம். வீடு எங்கே என்றேன். காப்பார். மலாய் மண்ணின் வெயில் ஊர், பனியே கிடையாது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

2

முதல் வரியாக இதை எழுதிப் பார்த்தேன்:

வெண்பனி போர்த்திய மலைச்சரிவில் ஒரு தமிழ்ப்பெண் தன்னந்தனியாக

வேண்டாம். மலையும் இல்லை, தனிமையும் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியின் மேல்தளம் அது. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே இயந்திரம் தூவும் பனி. பிள்ளைகள் இரவல் குளிர்சட்டையில் உருளுவார்கள். லோகேஸ்வரி அங்கே துப்புரவு வேலை செய்கிறார்.

ஒரு மூலையில் நார்வே மலையூர் ஒன்றின் பனிச்சறுக்கு வரலாறு படங்களாகத் தொங்குகிறது. மீசைக்காரர்கள் மரக்கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த படத்தில் அதே சரிவு, கோடைகாலம்: பனி போய்ப் புல், புல்மேல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். அங்கே வருடம் முழுக்க விளையாட்டு என்பதுதான் படத்தின் பெருமை. லோகேஸ்வரிக்கு அதில் வேறொன்று தெரிந்தது. பனி கரைந்தால் அந்த ஊர் வேலைக்காரனுக்கு வேலையாவது மாறும். இங்கே பன்னிரண்டு மாதமும் ஈரம் துடைக்க வேண்டும்.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி போகிறது. போகட்டும். அவர் சொன்னதுதான்.)

3

படங்களின் கீழே ஒரு ஜோடி பழைய மரச்சறுக்குக் கட்டைகள் உண்டு. மேலாளர் ஆண்டர்ஸ் அந்த நார்வே ஊர்க்காரர், அவர் அங்கிருந்து கொண்டுவந்தவை. மேற்பார்வையாளன் ரிஷி அவற்றைத் துடைத்து வைக்கச் சொன்னான். லோகேஸ்வரி கட்டைகளைத் தோளில் சாய்த்து, கழுவும் அறைக்குப் போகப் பனித்தரையைக் கடந்தார். பாதி வழியில் கால் போனது. கட்டைகள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

ஆண்டர்ஸ் ஓடிவந்தார். தம் மொழியை விட்டால் அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான். லோகேஸ்வரி மலாய் நன்றாகவே பேசுவார். ஆனால் வலியில் யாருக்கும் இரண்டாம் மொழி வராது. ரிஷி குனிந்து, என்ன ஆச்சு ஆன்டி என்றான்.

"சறுக்கிட்டேன் தம்பி."

ரிஷி நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னான்: ஆன்டி சறுக்கி விளையாடியிருக்கிறார்.

4

இந்த இடத்தில் ரிஷியை அயோக்கியனாக எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க. பிறகு அவனைப் போய்ப் பார்த்தேன். அடித்துவிட்டேன், அந்தப் பக்கத்தை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சறுக்கல் என்றால் விழுவது. ரிஷி பெட்டாலிங் ஜெயா பிள்ளை, ஆங்கிலம் பேசும் வீடு. அவனுக்குத் தெரிந்த ஒரே சறுக்கு, குடியிருப்புப் பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சறுக்குமரம். பக்கத்தில் இரண்டு கட்டைகள் வேறு கிடந்தன. நம்பிவிட்டான்.*

* பனிச்சறுக்கு என்று அந்த விளையாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? என்னிடமும் வேறு சொல் இல்லை.

5

வேலையில் விழுந்தால் விபத்து, தொழிலாளர் காப்புறுதியான பெர்கேசோ பார்த்துக்கொள்ளும். விளையாடி விழுந்தால் ஒழுங்கீனம். அதுவும் ஆண்டர்ஸ் ஊர்ப் பொக்கிஷத்தின் மேல் ஏறி. வரும் திங்கட்கிழமை விசாரணை. லோகேஸ்வரிக்கு வேலை இருக்குமா என்பது அன்று தெரியும்.

மொழிபெயர்ப்பு எப்படிப் போனது என்று ஒரு வாரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. ரிஷியிடம் கேட்டார். அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"இப்ப மாத்திச் சொன்னா, அன்னைக்கே பொய் சொன்னேன்னு பாஸ் நெனைப்பாரு லா ஆன்டி."

லோகேஸ்வரி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவன் அவன்தான் என்றார் என்னிடம்.

6

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. செம்பனைக் காட்டில் வளர்ந்தவன் நான். விழுந்தவனைப் பார்த்து முதலில் 'என்ன விளையாட்டு?' என்று கேட்ட மண்டோர்களை, தோட்டத்து மேஸ்திரிகளை, எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன். ஒரு நிமிடமாவது அந்தக் கட்டைமேல் ஏறி நின்று பார்த்தீர்களா?



"ஏறலண்ணே. ஏறாமலே பேரு வந்துருச்சி. ஏறியே பாத்துருக்கலாம் லா."

இதைக் கேட்ட பிறகு எழுதி வைத்திருந்த முடிவுகள் நிற்கவில்லை.

(அ) ரிஷி எழுந்து உண்மையைச் சொல்கிறான், ஆண்டர்ஸ் கண்கலங்கி. இல்லை. இப்படி நான் எங்கும் பார்த்ததில்லை.

(ஆ) லோகேஸ்வரியே விசாரிப்பவர்களிடம் மலாயில் விளக்குகிறார், ஒருவர் அதை ஆண்டர்ஸுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறார். 'அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?' என்கிறார்கள். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

(இ) அவர் அந்தக் கட்டைகளை ஒருநாள் காலில் மாட்டி

முழங்கால் மடங்காதவரை எப்படி மாட்டவைப்பது?

7

இன்று சனிக்கிழமை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் திங்கள் கழிந்திருக்கும். முடிவை உங்களிடமே விடுகிறேன். அவருக்கு வேலையைக் கொடுங்கள், அல்லது பறியுங்கள், உங்கள் மனம் போல. எப்படி முடித்தாலும் ஒரு கடன் மட்டும் அதில் தீராது. ரிஷி லோகேஸ்வரிக்கு ஒரு வாக்கியம் பாக்கி. ஆண்டர்ஸ் முன்னால் நின்று, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது: அவர் விளையாடவில்லை, நான் கொடுத்த வேலையைச் செய்யும்போது விழுந்தார்.